சண்டை விளையாட்டில் தேறுவது எப்படி?



'டெக்கன்', 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' எல்லாம் சும்மா பட்டனை அமுக்குற விளையாட்டு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை, அதில் ஒரு கணக்கு இருக்கிறது.

இவற்றில் ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும். டெக்கனில் சாதாரணக் குத்து 10 ஃபிரேமில், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கில், விழுந்துவிடும். எதிராளி வேறு ஊரில் இருந்தால், அவர் அமுக்கியது இணையத்தில் வந்து சேரத் தாமதமாகும். இதற்கு 2006-இல் டோனி கேனன் என்பவர் ஒரு வழி செய்தார். எதிராளி என்ன அமுக்குவார் என்று கம்ப்யூட்டரே ஊகித்து ஆட்டத்தை ஓட்டும்; ஊகம் தப்பினால் சில ஃபிரேம் பின்னே போய்த் திருத்திக்கொள்ளும். இதுதான் ரோல்பேக். வைஃபையை விட்டு லேன் கேபிள் போட்டால் இன்னும் நல்லது.

சரி, பழகுவது எப்படி? தோற்ற கோபத்தில் அடுத்த ஆட்டத்துக்கு ஓடாதீர்கள். ரீப்ளேயைப் போட்டு, எந்த அடி அதிகம் விழுந்தது என்று பாருங்கள். பயிற்சிப் பகுதியில் பொம்மை ஆளை அதே அடியை அடிக்க வைத்து, தடுத்துத் திருப்பி அடிக்கப் பழகுங்கள். ஒரு நாளைக்கு ஒரு அடி போதும்.

2019-இல் ஜப்பான், அமெரிக்கா இரண்டு இடத்து ஈவோ போட்டியிலும் டெக்கன் 7 பட்டம் வென்ற அர்ஸ்லான் ஆஷ், பாகிஸ்தானின் லாகூர்க்காரர். அங்கே விளையாட்டுக் கடைகளில் நல்ல ஆட்களோடு மோதியே வளர்ந்தவர். அப்படி ஆள் கிடைக்காத ஊர்க்காரர்களுக்கு இணையம்தான் அந்தக் கடை.

எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. திருத்திய டெஸ்ட் பேப்பரில் மார்க் எங்கே போச்சு என்று தேடுவதும் ஒரு ரீப்ளேதான். தோல்வியும் ஒரு வாத்தியார்தான் நண்பர்களே. உட்கார்ந்து கேட்டால் சொல்லிக் கொடுக்கும்!