விதைப் புற்றுநோயும் வீண்பழியும்

வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் மாலை வேளையிற் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். படக்கூடாத இடத்திற் பந்து பட்டுவிட்டால், பட்டவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான், வீட்டிற் சொல்லமாட்டான். பின்னொரு நாள் விதையிலே கட்டியொன்று கைக்குத் தென்படுமாயின், அது பந்து தந்த வினை என்று தானே தீர்த்துக்கொள்வான். அடிபடுவதனாற் புற்றுநோய் உண்டாவதில்லை. முன்னரே அங்கிருந்த கட்டியை அவ்வடி காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே. சைக்கிள் ஓட்டமும் இறுக்கமான உடையும் இவ்வாறே வீண்பழி சுமப்பவை.

அங்ஙனமாயின், உண்மையான ஏது யாது? தாயின் கருவில் விதைகள் சிசுவின் வயிற்றுக்குள்ளே தோன்றி, பிறப்பதற்குச் சில மாதங்களின் முன் விதைப்பைக்கு இறங்குகின்றன. நிறைமாதத்திற் பிறக்கும் ஆண்குழந்தைகள் 100 பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு ஒன்றேனும் இறங்காது நின்றுவிடும். குறைமாதக் குழந்தைகளில் இது இன்னும் அதிகம். குழந்தையை நீராட்டும் பாட்டியார் இதனைக் கண்டு, "வளர வளர இறங்கிவிடும்" என்பார். முதல் ஆறு மாதங்கள் வரைக்கும் அவர் சொல் பெரும்பாலும் பலிக்கும்; அதன்பின் பலிப்பது அரிது. ஆகவே ஒன்றரை வயதுக்குள் சத்திர சிகிச்சையால் விதையைக் கீழிறக்கி வைப்பதே முறை. சுவீடனிற் செய்த ஆய்வொன்று 2007 இல் வெளிவந்தது. 13 வயதுக்கு முன் சிகிச்சை பெற்றோருக்குப் பிற்காலத்தில் இந்நோய் வரும் வாய்ப்பு ஏனையோரினும் இருமடங்குக்குச் சற்று மேல் என்றும், பிந்திப் பெற்றோருக்கு ஐந்து மடங்குக்கு மேல் என்றும் அது கண்டது.

தந்தைக்கோ, சிறப்பாக உடன்பிறந்த சகோதரனுக்கோ இந்நோய் வந்திருத்தலும், ஒரு விதையில் முன்னர் வந்திருத்தலும் ஏனைய ஏதுக்கள். எனினும் அஞ்சவேண்டாம், டென்மார்க், நோர்வே முதலிய நாடுகளோடு ஒப்பிடின் நம் பகுதியில் இந்நோய் மிகக் குறைவு.

குறைவென்பதே ஒரு சங்கடமுமாகும். கொழும்பின் கரையோரத்தில் முன்னாளில் யானைக்கால் நோய் மலிந்திருந்தது. நுளம்பு பரப்பிய அந்நோயால் ஆடவர் பலருக்கு விதைப்பையில் நீர்கட்டி ஓதம் உண்டாகும். அந்நோய் இலங்கையிற் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லையென உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது. நோய் போயிற்று, ஆனால், அவ்விடத்து வீக்கமெல்லாம் ஓதமே என்ற எண்ணம் முதியோரிடம் இன்னும் உளது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் வலியற்றது. 15 முதல் 40 வயதுக்குட்பட்டோரையே மிகுதியும் பற்றுவது. இரண்டையும் பிரித்தறிய ஒரு ஸ்கான் பரிசோதனை போதும்.

நோயுள்ள விதையை அகற்றினாலும், எஞ்சிய விதை நலமாயிருப்பின் ஆண்மைக்கும் மகப்பேற்றுக்கும் பெரும்பாலும் அதுவே போதியது. 1970களிற் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து வழக்கிற்கு வந்தபின், உடலிற் பரவிய நிலையிலும் பெரும்பாலோர் குணமடைகின்றனர். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை. முதலில் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்லலாம்.