தச்சன் வாளின் குறும்பு

ஒரு படத்தைப் பலகையில் ஒட்டி, அதனைக் கோணல்மாணலாகப் பல துண்டுகளாக அரிந்து, கலைத்துப் பெட்டியிலிட்டு விலைக்கு விற்பார் ஒருவர். வாங்கியவரோ இரவு பகலாக உட்கார்ந்து அதனைப் பழையபடி பொருத்துவார். விலகி நின்று பார்ப்போர்க்கு இதனினும் வீணான தொழில் வேறில்லை என்றே தோன்றும். ஆயினும் ஜிக்சோ எனப்படும் இவ் வெட்டுப்படப் புதிருக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தச்சனின் கருவி நுண்மை பெறப் பெற அவனது குறும்பும் வளர்ந்து வந்தமையே அவ்வரலாற்றின் சுவை.

தொடக்கத்தில் நகைப்புக்கு இங்கே இடமிருக்கவில்லை. 1760களில் இலண்டனில் தேசப்படங்களைச் செதுக்கி விற்ற ஜோன் ஸ்பில்ஸ்பரி என்பார், படத்தை மெல்லிய மகோகனிப் பலகையில் ஒட்டி, நாட்டெல்லைகளின் வழியே அரிந்து விற்றார். பிள்ளைகள் பூமிசாத்திரம் பயில்வதற்கான சாதனம் அது. எல்லைக்கோடு சென்ற வழியே வாளும் சென்றது; வாளுக்கெனச் சொந்தப் புத்தி இருக்கவில்லை.

அப்புத்தி பிறந்ததற்கு வாளின் அமைப்பே காரணம் எனலாம். வீடு கட்டும் தச்சனது வாள் அகன்றது; நேர்கோட்டிற்கு உரியது. புதிர் அரிபவனது வாளலகோ நூலிழை போன்றது. மேசையிலுள்ள சிறு துளையினூடாக அது நின்ற இடத்திலேயே மேலும் கீழுமாக ஓடும். பலகையைத்தான் இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். முற்காலத்தில் மிதிபலகையால் இயங்கியது, பின்னர் மின்விசைக்கு மாறியது. அலகு சற்றுத் தடித்தால் வெட்டுவாய் அகன்று துண்டுகள் தளர்ந்துவிடும். மெலிந்தாலோ அடிக்கடி முறியும். தனிமரம் நாரோட்டத்தில் பிளந்துவிடுமாதலால், நாரைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டிய ஒட்டுப்பலகையே இதற்கு உகந்தது. அலகு முறிந்ததற்கெல்லாம் மனம் முறிபவன் இத்தொழிலுக்கு உதவான்.

இவ்வளவு மெல்லிய அலகு கையில் இருக்கும்போது ஒரே கோட்டில் போவானேன்? பறவையாகவும் படகாகவும், விலை கொடுத்தவருடைய பெயரின் முதலெழுத்தாகவும் துண்டுகளை அரியலாம் அல்லவா?

அமெரிக்காவில் 1930களின் பொருளாதார மந்தம் வேலையற்ற கைகள் பலவற்றை இத்தொழிலுக்கு இழுத்தது. வீட்டிலே புதிர் அரிந்து வாடகைக்கு விட்டவர்களும் இருந்தனர். அவ்வாறு வேலையிழந்திருந்த பிராங் வெயர், ஜோன் ஹென்றிக்ஸ் என்னும் இருவர் 1932இல் நியூயோர்க்கில் 'பார்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். இங்கேதான் குறும்பு முழு உருவம் பெற்றது. பெட்டியின்மேல் படம் இராது. தலைப்போ வழிகாட்டுவதுபோல வழிதப்பச் செய்யும். சிறந்த ஆட்டக்காரருக்கு இத்தனை மணிநேரம் போதும் எனக் காலக்கணக்கு வேறு. ஓரத் துண்டுகளை முதலிற் பொறுக்குவது ஆடுபவர் வழக்கம் என்றறிந்து, ஓரத்தையே நெளிய விட்டனர். ஒவ்வொரு புதிரிலும் கடற்குதிரை வடிவான துண்டொன்று அவர்களது முத்திரையாக இருக்கும்.

வாளின் குறும்புகளுள் எனக்கு மிகவும் பிடித்தது நிறவெல்லையில் அரிதல். நீலவானமும் செங்கூரையும் சந்திக்கும் கோட்டிலேயே வாள் செல்லும். ஒரு துண்டு முழுநீலம், மற்றது முழுச்சிவப்பு, இரண்டும் அயலவர் என்பதற்கு நிறத்தில் யாதொரு தடயமும் இராது. ஸ்பில்ஸ்பரி கற்பிப்பதற்காகப் பின்பற்றிய எல்லைக்கோடே இங்கு ஏமாற்றுவதற்குப் பயன்படுகிறது!

இம்மரபின் உச்சியில் நிற்பது வெர்மொண்ட் மாநிலத்தின் ஸ்டேவ் நிறுவனம். 1974இல் அதனைத் தொடங்கிய ஸ்டீவ் ரிச்சர்ட்சன், டேவ் திபெற்ஸ் ஆகிய இருவரது பெயர்களையும் அரிந்து பொருத்தியதே ஸ்டேவ் என்னும் பெயர். ரிச்சர்ட்சன் தம்மைத் 'தலைமை வதையாளர்' என்று அழைத்துக்கொண்டார். அவர்களது முத்திரைத் துண்டு ஒரு கோமாளி.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் முட்டாள் தினத்தையொட்டி அவர்கள் 'ஐந்து இலகுவான துண்டுகள்' என்றொரு புதிரை வெளியிட்டனர். விலை 89 டொலர், விற்றவை 30. ஐந்தே துண்டுகள்தாம், ஆனால் அவற்றை எவராலும் பொருத்த முடியாது. பொருந்தாதவாறே அவை அரியப்பட்டிருந்தன! பின்னர் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

பகிடி நல்ல பகிடிதான். ஆயினும் நம்மூரில் நொடி போடுபவரை எண்ணிப் பாருங்கள். எத்துணைக் கடினமான நொடியும் போடலாம். விடையே இல்லாத நொடியைப் போட்டவரை மறுநாள் எவரும் சூழ்ந்து உட்காரார். தலைப்பால் ஏமாற்றலாம், ஓரத்தால் ஏமாற்றலாம். எங்கோ ஒரு விடை உண்டென்னும் உறுதியின்மேல்தான் அத்தனை ஏமாற்றும் இன்பமாகின்றது. அவ்வுறுதியை ஒருமுறை தொட்டுப் பார்த்ததற்கு அவர்கள் முழு விலையையும் திருப்பிக் கொடுத்தது தகும் என்றே நான் கருதுகிறேன்.

ஒரு துண்டு தொலைந்துவிட்டால் அரிந்தவனிடமே போகவேண்டும். சுற்றியுள்ள துண்டுகளை அவன் பொருத்தி வைத்து, நடுவிலுள்ள வெற்றிடத்தின் விளிம்பைக் கோடிட்டெடுத்துப் புதிதாக அரிந்து கொடுப்பான். அப்போது சற்று நேரம் அவனும் தன் புதிரின் முன்னே தலையைச் சொறிந்துகொண்டு உட்கார நேரிடும்.