ஏரி விராலும் தூண்டில்காரர்களும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காஞ்சிபுரம் வட்டாரத்தில் இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. குழித்தறிகளில் ஈரம் ஏறி நெசவு தடைப்படுகிறது. ஏரிகளில் புதுத்தண்ணீர் சேர்ந்து விரால் மீன் இனம் பெருக்குகிறது. தறி நின்றுபோன நெசவாளியும், சம்பா நடவை முடித்த உழவரும், சென்னையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞரும் தூண்டிலோடு ஏரிக்கரையில் கூடுவது இந்த நாட்களில்தான். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரும் இதற்கு விலக்கல்ல.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்கு ‘ஏரி மாவட்டம்’ என்றே பெயர். ஏரி பாசனத்துக்கு மட்டுமல்ல, மீனுக்கும் உரியது. அந்த மீன் செல்வத்தில் விலை மதிப்பு மிக்கது விரால். தூண்டில் போடுவது நல்ல பொழுதுபோக்கு, குழம்புக்கும் வழி. ஆனால் விரால் குஞ்சு காக்கும் நாட்களில் தெரியாமல் செய்யும் ஒரு தவறு, அடுத்த ஆண்டின் மீனை இப்போதே அழித்துவிடுகிறது.

தூண்டில் பழையது, இரை புதியது

மூங்கில் கழி, நைலான் நரம்பு, ஒரு தக்கை, ஒரு முள், கொட்டாங்கச்சியில் மண்புழு. நம் கிராமத்துத் தூண்டிலுக்கு இவ்வளவே தேவை. வெள்ளைக்காரர்களும் நம் ஏரிகளின் அருமையை அறிந்திருந்தனர். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஹென்றி சலிவன் தாமஸ் என்ற ஆங்கில அதிகாரி, இந்தியாவில் தூண்டில் போடும் முறைகளைப் பற்றி 1873-ல் ஒரு நூல் எழுதினார். ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-ல் தனி நூல் ஒன்றும் வெளியிட்டார்.

இப்போது நகரத்து இளைஞர்கள் ரீல் பொருத்திய கம்பும், ‘லூர்’ எனப்படும் பொய்யிரையும் கொண்டு வருகின்றனர். பொய்யிரை என்பது மரம், உலோகம், ரப்பர் ஆகியவற்றில் மீன் போலவோ தவளை போலவோ செய்த இரை. ஃபின்லாந்து நாட்டு மீனவர் லௌரி ரபாலா, அடிபட்ட சிறு மீன் தள்ளாடி நீந்துவதையும், பெரிய மீன் அதையே தேடிப் பிடிப்பதையும் கவனித்தார். 1936-ல் தக்கைக் கட்டையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் பளபளப்புத் தாளை ஒட்டி, அதே போலத் தள்ளாடும் பொய் மீனைச் செய்தார். பின்னர் அது உலகெங்கும் விற்பனையாயிற்று.

அமெரிக்காவில் ‘பாஸ்’ என்றொரு நன்னீர் மீன் உண்டு. பெரிய வாய் உடையது; நீர்க்கொடிகளுக்கு இடையே மறைந்திருந்து இரை மேல் பாயும். நம் விராலின் குணமும் இதுவே. எனவே பாஸுக்காகச் செய்த ரப்பர் தவளை நம் ஏரி விராலுக்கும் பொருந்திவிட்டது. இதன் இரண்டு முட்களும் மேல்நோக்கி உடலோடு ஒட்டியிருப்பதால், ஆம்பல் இலை மேலும் ஆகாயத்தாமரை மேலும் சிக்காமல் தத்தித் தத்தி வரும்.

உழவருக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. விராலுக்கு உயிருள்ள தவளையை முள்ளில் கோப்பது பழைய வழக்கம். தவளையோ வயலில் பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கும் நண்பன். தவளைக்கால் ஏற்றுமதியையே இந்தியா 1987-ல் நிறுத்திவிட்டது. ரப்பர் தவளையைப் பயன்படுத்தினால் வயல் தவளை தப்பும். “இறாலைப் போட்டு விராலைப் பிடி” என்பது பழமொழி. இப்போது இறாலும் வேண்டாம், தவளையும் வேண்டாம்.

சிவப்புக் குஞ்சுக் கூட்டம்

விரால் செவுளால் மட்டுமன்றி, நீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். இதனால் தண்ணீர் வற்றிய கோடையிலும் ஈரச் சேற்றில் உயிர் தாங்கும். அப்படிப் பிழைத்திருக்கும் தாய் தந்தை மீன்களே மழைக்காலத்தில் ஏரியை மீண்டும் நிரப்புகின்றன.

கரையோரக் கோரை, புல்லுக்கு நடுவே சிறிது இடத்தைச் சுத்தம் செய்து விரால் முட்டையிடும். மஞ்சள் நிற முட்டைகள் நீரின் மேல் மிதக்கும். ஓரிரு நாட்களில் குஞ்சு பொரிக்கும். சில நாளில் குஞ்சுகள் செந்நிறம் பெற்று, நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டமாக நீந்தும். காற்றுக்காக அவை மேலே வரும்போது, அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவது போல நீர் சிலிர்க்கும். கூட்டத்தின் அடியில் பெற்றோர் மீன் காவல் நிற்கும்.

காவல் காக்கும் விரால் பசிக்காகத் தூண்டிலைக் கடிப்பதில்லை. குஞ்சுகளின் அருகே வரும் எதையும் எதிரியாக எண்ணித் தாக்குகிறது. எனவே ரப்பர் தவளையைக் குஞ்சுக் கூட்டத்தின் மேல் இழுத்தால் விரால் எளிதில் மாட்டும். இதில் திறமை ஏதுமில்லை. காவல் போனதும் மற்ற மீன்களும், தண்ணீர்ப் பாம்பும், நீர்க்காகமும் குஞ்சுகளை முடித்துவிடும். ஒரு விராலைப் பிடித்ததாகக் கணக்கு; இழந்தது ஒரு தலைமுறை.

கடல் கடந்த அனுபவம்

அமெரிக்கப் பாஸ் மீனிலும் ஆண் மீன் கூட்டையும் குஞ்சுகளையும் காக்கிறது. அதைப் பிடித்து அகற்றினால் சிறிது நேரத்திலேயே மற்ற மீன்கள் கூட்டைச் சூறையாடுகின்றன. ரே ஸ்காட் என்பவர் 1967-ல் அங்கு பாஸ் பிடிக்கும் போட்டியை நடத்தி, மறு ஆண்டில் தூண்டில்காரர்களுக்கு ஒரு சங்கமும் அமைத்தார். போட்டிகள் பெருகப் பெருக, செத்த மீன்களும் குவிந்தன. 1972-ல் அவர், பிடித்த மீனை எடை பார்த்து உயிருடன் திரும்ப விடும் முறையைப் போட்டிகளில் கொண்டுவந்தார். அந்த வழக்கம் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது.

இன்னொரு பாடமும் உண்டு. ஜப்பானில் 1925-ல் கொண்டுவந்து விட்ட பாஸ் மீன், அந்நாட்டு ஏரிகளின் சொந்த மீன்களைத் தின்று பெருகியது. 2005 முதல் அதை வளர்ப்பதும் நீரில் விடுவதும் அங்கு சட்டப்படி தடை. நம் நாட்டுக்கு 1952-ல் வந்த ஜிலேபி மீன் இன்று எந்தக் குட்டையிலும் காணப்படுகிறது. ஆகவே வேறு நாட்டு மீனையோ, தொட்டியில் வளர்த்த அலங்கார மீனையோ ஏரியில் விடுதல் கூடாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

• செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அங்கே தூண்டில் போடாமல் விலகிச் செல்லவும்.

• தவறிக் காவல் மீன் மாட்டினால், அதே இடத்தில் உடனே விட்டுவிடவும்.

• ஓரடிக்குக் குறைந்த விராலையும் திரும்ப விடுவது நலம். ஒருமுறையாவது அது முட்டையிட வாய்ப்புக் கிடைக்கும்.

• முள்ளின் எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டால், வாயைக் கிழிக்காமல் கழற்றலாம்.

• கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடவும். உலர்ந்த கையும் சூடான கரை மண்ணும் மீனின் மேலுள்ள வழவழப்பை அகற்றிவிடும். பிறகு புண் உண்டாகும். செவுளில் விரல் விட்டுத் தூக்கக் கூடாது.

• முள் தொண்டையில் இறங்கிவிட்டால் பிடுங்காமல் நரம்பை வாயருகே நறுக்கிவிடவும்.

• அறுந்த நரம்பையும் முள்ளையும் கரையில் எறியாதீர். மாட்டின் குளம்பிலும், நாரை, கொக்கின் காலிலும் அவை சுற்றிக்கொள்ளும். காலில் முள் ஏறினால் ரண ஜன்னி ஊசி போட்டுக்கொள்வது அவசியம்.

• ஏரியின் மீன்பாசி ஏலம் விடப்பட்டிருந்தால் குத்தகைதாரரைக் கேட்டே தூண்டில் போடவும். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படி குற்றம்.

கரையில் ஓர் உறவு

“என்னண்ணே, ஏதாச்சும் மாட்டிச்சா?” “ரெண்டு கொத்து கொத்திச்சி, அவ்வளவுதான் தம்பி.” முன்பின் அறியாத இருவர் பேச இது போதும். பட்டணத்துப் பையன் ரப்பர் தவளை ஒன்றைக் கொடுப்பான். விரால் மூச்சு விட வரும் இடத்தை ஊர்ப் பெரியவர் காட்டுவார். குஞ்சுக் கூட்டம் எங்கே திரிகிறது என்று சொல்லி, அங்கே போடாதே என்று தடுக்கக்கூடியவரும் அந்தப் பெரியவரே. சட்டமும் காவலும் எட்டாத இடத்தில் இந்தப் பழக்கம் எட்டும். ஆயக்கட்டு விவசாயிகள் கூடிப் பேசி, மழை மாதங்களில் குஞ்சு காக்கும் விராலைத் தொடுவதில்லை என்று ஊர்க் கட்டுப்பாடாகவே வைத்துக்கொள்ளலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

“விரால் இல்லாத குளத்துக்குக் குறவை அதிகாரி” என்பார்கள். நம் ஏரிகளுக்கு அந்த நிலை வராமல் காப்பது தூண்டில் பிடித்த கையில்தான் இருக்கிறது.