ரட்லண்டில் 38, மான்செஸ்டரில் 17

இங்கிலாந்தின் உழைக்கும் மக்கள் வாழ்ந்த இடங்களைப் பற்றி எட்வின் சாட்விக் 1842ல் வெளியிட்ட அறிக்கையில், இறந்தவர்களின் சராசரி வயதைக் காட்டும் சில எண்கள் இருக்கின்றன. ரட்லண்ட் என்ற விவசாய மாவட்டத்தில் கூலிக் குடும்பங்களுக்கு 38. மான்செஸ்டரில் 17. லிவர்பூலில் 15. மான்செஸ்டரின் வசதியான குடும்பங்களுக்கே 38தான். ஆலை நகரத்துப் பணக்காரருக்குக் கிடைத்த ஆயுள் கிராமத்துப் பண்ணையாளுக்கும் கிடைத்திருக்கிறது. பண்ணைக் கூலியோ ஆலைக் கூலியைவிடக் குறைவு. ஆகவே வறுமை கொன்றது என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. குடியிருந்த இடம் கொன்றது. இந்தக் கணக்கை அன்றே மறுத்தவர்கள் உண்டு. இளம் வயதினர் குவிந்து பிறப்பும் பெருகும் ஊரில், இறப்பவர்களின் சராசரி வயது தானாகவே குறைந்து தெரியும் என்றார்கள். நியாயமான மறுப்புதான். ஆனால் உயிரோடிருப்போரின் வயதையும் சேர்த்துப் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் போட்ட கணக்கில், 1841ல் பிறக்கும் குழந்தைக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் சர்ரே மாவட்டத்தில் 45, லண்டனில் 37, லிவர்பூலில் 26. எண்கள் மாறின, அநீதி அப்படியே நின்றது.

1801ல் முக்கால் லட்சம் அளவில் இருந்த மான்செஸ்டரின் மக்கள்தொகை 1851ல் மூன்று லட்சத்தைத் தாண்டியது. ஆலைக்கு நடந்து போகும் தூரத்தில்தான் எல்லோரும் வாழ்ந்தாக வேண்டும். அதனால் கிடைத்த மனையிலெல்லாம், பின்சுவரைப் பங்கிட்டுக்கொண்டு முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளை வரிசையாக எழுப்பினார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு மூன்று பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். கதவும் சன்னலும் முன்பக்கம் மட்டும். காற்று குறுக்கே ஓடாது. கொல்லைப்புறமே இல்லாததால், முற்றத்து மூலையில் பல குடும்பங்களுக்கும் பொதுவாக ஓர் எடுப்புக் கக்கூஸ், அதையொட்டிக் குப்பைமேடு. தெருக்குழாயில் தண்ணீர் சில மணி நேரமே வரும். லிவர்பூலில் சுமார் 40,000 பேர் நிலவறைகளில் குடியிருந்தார்கள். மலக்குழியின் கசிவு அந்தத் தரைக்குத்தான் இறங்கும். 1832லும் 1849லும் காலரா வந்தபோது நாடே பதறியது. ஆனால் காலராவைவிட அதிகம் பேரைக் கொண்டுபோனவை, ஆண்டு முழுதும் ஓயாத காசநோயும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும்தான். அவற்றுக்காக யாரும் பதறவில்லை.

குடியிருப்பவர்களின் அசுத்தப் பழக்கமே காரணம் என்று அன்று பலர் கைகாட்டினார்கள். ஐரிஷ் குடியேறிகள்மேல்தான் பழி அதிகம் விழுந்தது. நாள் முழுதும் ஆலையில் நின்றுவிட்டு, வரிசையில் காத்திருந்து ஒரு வாளித் தண்ணீர் சுமந்துவரும் பெண் அதில் சமைப்பாளா, பிள்ளையைக் குளிப்பாட்டுவாளா? வீட்டுக்காரர்கள் சொன்னது இதைவிடக் கனமான வாதம்: சாக்கடையும் தண்ணீரும் சேர்த்துக் கட்டினால் வாடகை ஏறும், தொழிலாளியால் கொடுக்க முடியாது. உண்மை. ஆனால் அந்த உண்மை அவர்கள் பக்கம் பேசவில்லை. பாதாளச் சாக்கடையை எந்தக் குடும்பமும் தன் கூலியிலிருந்து தனியாக வாங்க முடியாது. ஊர் கூடித்தான் போட முடியும். ஊருக்காக முடிவெடுத்தவர்களோ பெரும்பாலும் வரி கட்டும் சொத்துக்காரர்கள். வரி ஏறக்கூடாது என்பதே அவர்களின் முதல் கவலை. 1848ன் பொதுச் சுகாதாரச் சட்டமும் அவர்களைப் பெரிதாக வற்புறுத்தவில்லை. வரி கட்டுவோரில் பத்தில் ஒரு பங்கினர் மனுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 23 பேருக்கு மேல் சாக வேண்டும். அப்போதுதான் அந்தச் சட்டம் ஊருக்குள் வரும்.

1867ல் நகரத்துத் தொழிலாளர்களில் பெரும்பகுதி ஆண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. பர்மிங்ஹாமில் மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லேன் 1870களில் எரிவாயு, குடிநீர் நிறுவனங்களை நகராட்சிக்காக வாங்கினார். 1875ன் பொதுச் சுகாதாரச் சட்டம் வடிகாலையும் குடிநீரையும் உள்ளாட்சியின் கடமையாக்கியது. மருந்துகள் நோயை வெல்லத் தொடங்கும் முன்பே சாவு குறைந்தது. ஆனால் வீடு என்ற கேள்வி குழாயோடு தீரவில்லை. கிழக்கு லண்டனின் ஓல்ட் நிக்கல் சேரியை இடித்து, லண்டன் கவுன்டி கவுன்சில் கட்டிய அழகான குடியிருப்பு 1900ல் திறக்கப்பட்டது. இடம்பெயர்ந்தவர்கள் 5,000 பேருக்கு மேல். புது வாடகையைக் கொடுத்துத் திரும்பிவர அவர்களில் மிகச் சிலராலேயே முடிந்தது. கட்டும் செலவுக்கும் ஏழை கொடுக்கக்கூடிய வாடகைக்கும் இடையிலுள்ள பள்ளத்தைப் பொதுப்பணம் நிரப்பாதவரை நல்ல வீடு வேறொருவருக்குத்தான் போய்ச் சேரும். 1919ன் அடிசன் சட்டம்தான் இதை ஒப்புக்கொண்டது: வீடு கட்டுவது உள்ளாட்சியின் கடமை, உள்ளூர் வரியில் பவுனுக்கு ஒரு பென்னிக்கு மேற்பட்ட நஷ்டம் அரசுக் கருவூலத்தின் பொறுப்பு.