தேனீக் கூட்டம் வந்தால் பதற வேண்டாம்

ஜார்ஜ்டவுனில் கடைவீட்டு ஐந்தடியிலோ சாலையோர மரத்திலோ தேனீக்கள் திடீரெனக் கொத்தாகத் தொங்குகின்றனவா? பெரும்பாலும் அவை புதுக் கூட்டுக்கு இடம் தேடும் வழியில் இளைப்பாறுபவை. காக்க வேண்டிய தேனோ குஞ்சுகளோ அங்கே இல்லாததால், சீண்டாதவரை பொதுவாகக் கொட்டுவதில்லை. சில மணி நேரத்திலோ சில நாளிலோ பறந்துவிடும்.

மருந்து அடிக்காதீர்கள், கல் எறியாதீர்கள். நம் மாவும் ரம்புத்தானும் காய்க்கத் தேனீக்களும் துணை. பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

வீட்டிலேயே கூடு கட்டிவிட்டால் பொது தற்காப்புப் படையின் உதவியை நாடுங்கள். பினாங்கின் ‘மை பீ சேவியர்’ சங்கம் தேனீக்களைக் கொல்லாமல் இடம் மாற்றி வருகிறது.

கொட்டிவிட்டால் உடனே விலகிச் செல்லுங்கள். கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்து, சோப்பு போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். மூச்சுத்திணறல், முகவீக்கம், மயக்கம் தெரிந்தால் தாமதிக்காமல் 999-ஐ அழையுங்கள்.