இரயில் போன தடத்தில் சைக்கிள்: மூவார் தவறவிட்ட பாதை

மூவார் பட்டணத்தில் இரயில் நிலையம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கு யாரைக் கேட்டாலும், "இங்கே ஏது இரயில்? சிகாமட்டுக்கோ கிம்மாஸுக்கோ போங்கள்" என்றுதான் பதில் வரும். பதில் சரிதான். ஆனால் மூவாருக்கென்றே சொந்தமாக ஓர் இரயில் ஓடிய காலமும் உண்டு என்பது அங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்குத் தெரியாது.

சுல்தான் அபு பாக்கார் ஆட்சிக் காலத்தில், 1890இல், 'மூவார் ஸ்டேட் ரயில்வே' தொடங்கப்பட்டது. அப்போது பண்டார் மகாராணி என்று அழைக்கப்பட்ட பட்டணத்திலிருந்து தெற்கே பாரிட் ஜாவாவை நோக்கி, கடலோரத் தாழ்நிலத்தின் வழியே அந்தப் பாதை சென்றது. விளைபொருள்களும் பயணிகளும் அதில் போய்வந்தார்கள். மொத்தத்தில் இருபத்தைந்து கிலோமீட்டரைக்கூட எட்டாத குட்டி இரயில்தான். ஆனாலும் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் பெரிய இரயில் பாதை வந்து சேர்ந்த 1909ஆம் ஆண்டுக்கு ஏறக்குறைய இருபது வருடங்கள் முன்னதாகவே மூவார்க்காரர்கள் இரயில் ஏறிவிட்டார்கள்.

அந்தப் பெரிய பாதை சிகாமட், குளுவாங் என்று உள்நாட்டு வழியாகப் போய்விட்டது. மூவாரின் சிறு பாதை அதனோடு கடைசிவரை இணையவே இல்லை. மண்ணோ இளகிய மண். தண்டவாளத்தைப் பராமரிப்பது எளிதல்ல. பிறகு கடலோரச் சாலையும், அதில் லாரியும் பேருந்தும் வந்தன. 1929இல் மூவார் இரயில் நின்றது. இன்று தேடிப் போனால், அது போன தடம் முழுவதும் சாலையும் வீடும் கடையும் தோட்டமுமாகக் கலந்து கிடக்கிறது.

இதே போலப் பிழைப்பற்று நின்றுபோன இரயில் பாதைகள் உலகில் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் பல இன்று சைக்கிள் பாதைகளாக உயிரோடு இருக்கின்றன. சிறுவரும் முதியவரும் லாரிக்குப் பயப்படாமல் மணிக்கணக்கில் மிதிக்கிறார்கள். மூவாருக்கு மட்டும் ஏன் அது வாய்க்கவில்லை?

இரயில் தடம் சைக்கிளுக்கு ஏற்றது ஏன்?

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. பெரும் பாரத்தை இழுக்க அது வசதி. ஆனால் ஏற்றம் வந்தால் சக்கரம் வழுக்கும். அதனால் இரயில் பாதை போட்ட பொறியாளர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தில் மண் கொட்டி உயர்த்தினார்கள், குன்று வந்தால் குடைந்தார்கள். நூறு அடி தூரத்துக்கு ஓரடி ஏறினாலே அவர்கள் கணக்கில் அது கவனிக்க வேண்டிய ஏற்றம். வளைவுகளும் அப்படித்தான், நீண்டு, மெல்லத் திரும்பும்.

நீராவி இயந்திரத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடெல்லாம் மனிதக் கால்களுக்கும் பொருந்திப்போனது. அறுபது வயதுக்காரர்கூட மூச்சு வாங்காமல் போகலாம். இன்னொரு பெரிய நன்மை, இரயில் பாதை சாலையைவிட்டு விலகிப் போவது. மூவார் போன்ற தட்டையான ஊரில் ஏற்றம் ஒரு பிரச்சினையே அல்ல. அங்கே சைக்கிளுக்கு எதிரி மேடு அல்ல, வாகனம்.

அது எத்தனை கொடியது என்பதை ஜொகூர் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், பின்னிரவில் சாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த எட்டு இளையர்கள் கார் மோதி மாண்டார்கள். அந்த நேரத்தில் அவர்கள் அங்கே இருந்தது சரியா, பெற்றோர் எங்கே போனார்கள் என்றெல்லாம் நாடே பேசியது. பிள்ளைகள் அச்சமின்றி ஓட்டுவதற்கு வேறு இடம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியும் அதே அளவுக்குப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

அறுபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1965இல் எல்ராய் - ஸ்பார்ட்டா என்ற கைவிடப்பட்ட இரயில் தடத்தை வாங்கியது. 32 மைல் நீளம். நடுவில் மூன்று சுரங்கங்கள். 1967இல் சைக்கிள்காரர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சுரங்கத்துக்குள் இன்றும் சைக்கிளைவிட்டு இறங்கி, கையில் விளக்கோடு தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். உள்ளே அவ்வளவு இருட்டு. இரயில் தடம் சைக்கிள் பாதையாவதற்கு முன்னோடி என்று பலரும் சொல்வது இதைத்தான். இப்போது அந்த நாட்டில் இப்படிப்பட்ட பாதைகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். மின்னசோட்டாவில் 'பால் பனியன்' பாதை என்று ஒன்று இருக்கிறது. 180 கிலோமீட்டருக்கும் மேல் தார் போட்டு, காட்டுக்கும் ஏரிகளுக்கும் இடையே போகிறது.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் 1990இல் நின்ற இரயிலின் தடம், 2000ஆம் ஆண்டில் 152 கிலோமீட்டர் சைக்கிள் பாதையானது. அங்கே தார்கூடப் போடவில்லை, சரளைக் கல்தான். ஆனாலும் இரயில் போனபின் ஆள் அரவமற்றுப்போன சிற்றூர்களில் சைக்கிள் பயணிகளுக்காகத் தங்கும் விடுதியும் உணவுக்கடையும் மறுபடி திறந்தன.

இதிலெல்லாம் தார் போடுவது பெரிய வேலையல்ல. நிலத்தைத் துண்டாகாமல் காப்பதுதான் பெரிய வேலை. அமெரிக்காவில் பல இடங்களில் இரயில் நிறுவனத்துக்கு நிலத்தின்மேல் வழி உரிமை மட்டுமே இருந்தது. இரயில் நின்றால் நிலம் பக்கத்துக்காரருக்குப் போய்விடும். ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டால், நூறு மைல் தடம் நூறு கொல்லைப்புறங்களாகிவிடும். இதைத் தடுக்க 1983இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. இரயில் நின்ற தடத்தை, 'பின்னொரு நாளில் இரயில் தேவைப்படலாம்' என்று முழுதாக ஒதுக்கி வைக்கலாம். அதுவரை மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடலாம். நில உரிமையாளர்கள் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார்கள். 1990இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் நிலம் இழந்தவர் இழப்பீடு கேட்கும் உரிமையை அது பறிக்கவில்லை. நியாயமான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

மூவாரில் 1929இல் இப்படி ஒரு யோசனை யாருக்கும் வந்திருக்க முடியாது. யார்மேலும் குற்றம் சொல்வதற்கில்லை. அக்கரையில் மலாக்காவின் கதையோ இன்னும் வேதனையானது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905 முதல் ஓடிய கிளைப் பாதையை ஜப்பானியர் ஆட்சியில் பெயர்த்தெடுத்து, சயாம் - பர்மா இரயிலுக்குக் கொண்டுபோனார்கள். நம் தோட்டத்து மக்கள் ஆயிரமாயிரமாகச் செத்து மடிந்த அதே மரண இரயிலுக்குத்தான்.

கடற்பாலத்துக்கு அப்பால்

நிலம் துண்டாகாமல் கைக்கு வந்தால் என்ன செய்யலாம் என்பதைப் பார்க்க, மூவார்க்காரர்கள் அமெரிக்கா போக வேண்டியதில்லை. ஜொகூர் கடற்பாலத்தைத் தாண்டினால் போதும்.

சிங்கப்பூருக்குள் உட்லண்ட்ஸ் முதல் தஞ்சோங் பகார் வரை சென்ற இரயில் பாதை மலேசியாவின் வசம் இருந்தது. 2010இல் இரு நாட்டுப் பிரதமர்களும் உடன்பாடு கண்டார்கள். 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி இரயில் புறப்பட்டது. அதை ஓட்டிச் சென்றவர் ஜொகூர் சுல்தான் இப்ராகிம். இப்போதைய மாமன்னர் அவரே.

மறுநாள் அந்த நிலம் முழுவதும், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, அப்படியே சிங்கப்பூரின் கைக்குப் போனது. நிலத்துக்கு அங்கே உள்ள விலையை நினைத்தால், துண்டு போட்டு அடுக்குமாடி கட்டியிருக்கலாம். ஆனால் இயற்கை ஆர்வலர்கள் உடன்பாடு வந்த அந்த ஆண்டே விழித்துக்கொண்டார்கள். இதைப் பசுமைத் தடமாக விட்டுவிடுங்கள் என்று திட்டம் எழுதிக் கொடுத்தார்கள். அரசாங்கமும் காது கொடுத்தது. தண்டவாளங்களைக் கழற்றிய பிறகும் புக்கிட் தீமா பக்கத்து இரும்புப் பாலங்கள் இரண்டையும் விட்டுவைத்தார்கள். புக்கிட் தீமாவின் பழைய நிலையம் பழுது பார்க்கப்பட்டு 2022இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. தடத்தின் மொத்த நீளம் 24 கிலோமீட்டர்.

அங்கே போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. முழுவதும் தார் அல்ல. மண்ணும் சரளையும் புல்லும் கலந்த தடம். மழை பெய்தால் சில இடங்களில் சேறு. மெல்லிய டயர் வேண்டாம். நடப்பவர்களோடு பகிர்ந்துகொள்ளும் பாதை என்பதால், பந்தயம் ஓட்டுகிற இடமும் அல்ல.

அந்தத் தடத்தில் தமிழனின் கால்தடமும் உண்டு. குவீன்ஸ்வே பகுதியில் தண்டவாளத்தோரம் 1932இல் இரயில்வே தொழிலாளர்கள் ஒரு மரக் குடிசையில் முனீஸ்வரரை வைத்துக் கும்பிட்டார்கள். அதுதான் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய ஆலயமாக நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோவிலின் தொடக்கம். சிலிப்பர் கட்டையும் ஜல்லியும் சுமந்தவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்கள் கும்பிட்ட சாமி இருக்கிறது.

நம் நாட்டில் எஞ்சியிருப்பவை

மலாயாவின் முதல் இரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஓடியது. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். பாதை போய்விட்டது. போர்ட் வெல்ட் இன்று கோல செபத்தாங். அங்கே எஞ்சியிருப்பது ஒரு பெயர்ப் பலகை. அதில் ஊர்ப் பெயர் தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். 13 கிலோமீட்டர் தடத்துக்கு ஒரு பலகைதான் மிச்சம்!

ஆனால் இன்னும் கைநழுவிப் போகாத இடங்களும் உண்டு. பேராக்கில் கோலகங்சார் அருகே காராயில் 1900இல் கட்டி முடிக்கப்பட்ட விக்டோரியா பாலம் இருக்கிறது. 2002இல் இரயில் அதைவிட்டுப் பக்கத்துப் புதுப் பாலத்துக்கு மாறிவிட்டது. பழைய பாலத்தில் மக்கள் இன்றும் நடக்கிறார்கள். அதற்கு வடக்கே புக்கிட் பெராபிட்டில் மின்சார இரட்டைத் தடத்துக்காக 3 கிலோமீட்டருக்கும் நீளமான புதிய சுரங்கம் குடைந்தபோது, பழைய தடமும் அதன் சிறு சுரங்கங்களும் கைவிடப்பட்டன. எல்ராய் - ஸ்பார்ட்டாவில் இருப்பது போன்ற அதே சரக்குதான் அங்கே இருக்கிறது. காடு மூடுவதற்கு முன்பும், யாரோ வேலி போடுவதற்கு முன்பும் அதைக் கணக்கெடுப்பது நல்லது.

நம் நாட்டில் இதற்கு ஒரு தடை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. எந்தக் குறுகிய பாதை போட்டாலும் மறுவாரமே அதில் மோட்டார் சைக்கிள் புகுந்துவிடும். நுழைவாயில்களில் சைக்கிள் மட்டும் நுழையக்கூடிய தடுப்பு வேண்டும். சக்கர நாற்காலிக்கும் அது இடம்விட வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சமாளிப்பது சுலபமல்ல. இன்னொன்று நிழல். பத்து மணிக்கு மேல் மொட்டை வெயிலில் தார் தகிக்கும். மரம் நடாமல் பாதை மட்டும் போட்டால் காலையும் மாலையும் தவிர யாரும் வரமாட்டார்கள்.

சரி, மூவாருக்கு வழியே இல்லையா?

பழைய இரயில் தடத்தை மீட்பது இனி நடவாது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் குடியிருக்கும் மண்ணை யாரும் திரும்பக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் இரயில் தடத்துக்கு இருந்த மூன்று குணங்கள், அதாவது சமதளம், தொடர்ச்சி, வாகனங்களிலிருந்து விலகல், வேறு ஒன்றுக்கும் உண்டு. ஜொகூரின் மேற்குக் கரையில் உப்புநீர் விளைநிலத்துக்குள் ஏறாமலிருக்க எழுப்பிய மண் கரைகளும், 'பாரிட்' எனப்படும் வடிகால்களை ஒட்டிய பராமரிப்புப் பாதைகளும் அந்த ரகத்தைச் சேர்ந்தவை. பாரிட் ஜாவாவுக்குப் பேர் வந்ததே பாரிட்டால்தானே! இவற்றில் எது எதனோடு சேர்கிறது, எங்கே ஒரு சிறு பாலம் போட்டால் பாதை தொடரும் என்று வரைபடத்தை விரித்துப் பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை.

அதுவரை மூவாரிலிருந்து பாரிட் ஜாவா போக விரும்புகிறவர்களுக்கு ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலைதான் நேர்வழி. லாரிகள் பெருகுவதற்கு முன், விடியற்காலையில் கிளம்புவது உத்தமம். சைக்கிளின் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் எரிய வேண்டும். முடிந்த இடங்களில் கம்பத்துச் சந்துகளுக்குள் இறங்கிவிடலாம். கொஞ்சம் சுற்று என்றாலும் தென்னை நிழல் கிடைக்கும். பாரிட் ஜாவாவில் சேற்றுக் கரையோரம் பெரிய நாரைகள் நிற்கும் நேரமும் அதுதான். அசாம் பெடாஸ் கடைகள் திறக்கும்வரை அங்கே காத்திருப்பதில் யாருக்கும் வருத்தம் இருக்காது.