குருதியைத் துப்புரவு செய்யும் உயிரணுக்களும் கதிர்வீச்சும்

நுண்ணிய கரித்துகள்களை ஒரு மிருகத்தின் இரத்தக்குழாயில் செலுத்திவிட்டு, சில நிமிஷங்களுக்கொருமுறை துளி இரத்தம் எடுத்துப் பார்த்தால், அதன் கருமை படிப்படியாகக் குறைந்து மறைவதையும், மறைந்த கரியின் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் படிந்திருப்பதையும் காணலாம். கல்லீரலின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, கிருமிகளையும் நைந்துபோன செவ்வணுக்களையும் ஓயாமல் விழுங்கிவரும் உயிரணுக்களே அங்கே கரியைப் பிடிக்கின்றன; கூப்ஃபர் அணுக்கள் எனப்படும் இவற்றை 1876-இல் விவரித்தவர் கூப்ஃபர் என்னும் ஜெர்மானிய அறிஞர். எஞ்சியிருக்கும் கரியில் ஒரே விகிதம் சம காலந்தோறும் நீங்குகிறது என்பதை, 1953-ஆம் ஆண்டையொட்டி, பியோட்ஸி, பெனாசெராஃப், ஹால்ப்பர்ன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் கணித முறையில் நிறுவினார்கள்.

உயிரையே மாய்க்கத்தக்க எக்ஸ் கிரணம் உடல் முழுவதும் பாய்ந்தால் இந்தத் துப்புரவுப் பணியும் ஸ்தம்பித்துவிடும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் கதிரால் நிணநீரணுக்கள் கூட்டங்கூட்டமாக அழிந்து, எலும்பு மஜ்ஜை வறண்ட பின்னரும், கூப்ஃபர் அணுக்கள் பெரும்பாலும் தளராமல் துகள்களை விழுங்குகின்றன. கதிர்வீச்சு முக்கியமாக வதைப்பது பிளந்து பெருகும் அணுக்களையே ஆதலால், வளர்ந்து முதிர்ந்து தம் தொழிலில் அமர்ந்துவிட்ட இவை அதற்கு எளிதில் இரையாவதில்லை. எனினும் இதைக் கொண்டு ஆறுதல் அடைவதற்கில்லை. பளுவான சுமையை விழுங்கிய அணுக்களுக்குத் துணையாகப் புதியவை பிறந்தாக வேண்டும். அந்தப் பிறப்பையே கதிர் தடுத்துவிடுகிறது. மஜ்ஜையிலிருந்து வர வேண்டிய வெள்ளணுக்களும் இல்லாத அந்த வேளையில், சிதைந்த குடற்சுவரைக் கடந்து கிருமிகள் இரத்தத்தில் புகுகின்றன.

புற்றுநோய்க்காகக் கல்லீரலின் ஒரு பகுதியில் மட்டும் மிகுந்த கதிரைப் பாய்ச்சும்போது நிலைமை வேறு. அங்கே சிறு சிரைகள் அடைபட்டு இரத்த ஓட்டம் குன்றுவதால், கூப்ஃபர் அணுக்கள் பற்றிக்கொள்ளும், கதிரியக்க டெக்னீஷியம் கலந்த கந்தகக் கூழ்மத்தைச் செலுத்திப் படம் எடுக்கையில், கதிர் பாய்ந்த எல்லை அளவுக்கு நேர்கோட்டு விளிம்புடன் ஒரு வெற்றிடம் தென்படுவதுண்டு.

இவற்றினும் என் மனத்தை வருத்துவது தோரோட்ராஸ்ட் என்னும் மருந்தின் வரலாறு. எக்ஸ் கதிர்ப் படத்தில் இரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரியும்பொருட்டு, 1930-களிலும் 1940-களிலும் பல நாடுகளில் நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்ட இது, தோரியம் ஆக்ஸைடின் கூழ்மம். கல்லீரலும் மண்ணீரலும் தம் கடமை தவறாது அதனைப் பற்றிக்கொண்டன. ஜீரணிக்கவோ வெளியேற்றவோ இயலாமல் ஆயுள் முழுவதும் சுமந்தன. அந்தத் துகள்கள் உள்ளிருந்தபடியே ஆல்ஃபா கதிரை இடைவிடாது வீச, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் பலருக்குக் கல்லீரலில் புற்று தோன்றியது.